கேரமல் ஆப்பிள் வீட்டுலயே பண்றது எப்படி: அதிரசப் பாகுக்கு மேல, கடலை உருண்டைப் பாகுக்குக் கீழ

அமெரிக்காவுல செப்டம்பர் கடைசி, அக்டோபர்னு வந்துட்டா நம்மாளுங்க ஒரு தடவையாவது ஆப்பிள் பறிக்கக் கிளம்பிடுவாங்க. தோட்டத்து வாசல்லயே பை விப்பாங்க, பெக்குன்னா சுமார் 10 பவுண்ட் பிடிக்கும், அரை புஷெல்னா 20 பவுண்ட், காசு பைக்குத்தானே ஆப்பிளுக்கு இல்லையேன்னு நாம பெரிய பையா வாங்கி வாய் வரைக்கும் அடைச்சு, கடைசில மூட முடியாம ரெண்டு ஆப்பிளைக் கையிலயே தின்னுட்டு கார்ல ஏறுவோம். அதுக்கப்புறம் ரெண்டு வாரம் வீட்டுல ஆப்பிள்தான். தொக்கு, பச்சடி, அல்வா, பசங்க டிபன் பாக்ஸ்ல துண்டு துண்டா, கடைசில யாரும் தொடாம ஃபிரிட்ஜ் அடித்தட்டுல சுருங்கிப் போகும். நியூ ஜெர்சி வந்த மூணாவது வருஷம் இந்தக் கூத்தைப் பார்த்துட்டுத்தான் நான் கேரமல் ஆப்பிள், அதாவது குச்சி குத்தின ஆப்பிளைக் கேரமல் பாகுல முக்கி எடுக்கறது, பண்ணிப் பார்க்கலாம்னு இறங்கினேன்.

மொத தடவை என்ன ஆச்சுன்னா, ஆப்பிளைக் கேரமல்ல முக்கி எடுத்து அழகா தட்டுல வச்சேன், போட்டோ எடுக்க போனை எடுத்துட்டு வர்றதுக்குள்ள அத்தனையும் வழுக்கிக் கீழ இறங்கி ஆப்பிள் மொட்டையா நிக்குது, தட்டுல கேரமல் குளம். என் பொண்ணு வந்து பார்த்துட்டு "அப்பா, ஆப்பிள் டிரஸ் கழட்டிடுச்சு"ன்னா. அதுல இருந்து வருஷா வருஷம் பண்றேன், ஒவ்வொரு வருஷமும் ஒரு தப்பு பண்ணிக் கத்துக்கிட்டேன், அந்தத் தப்பையெல்லாம் நீங்க பண்ண வேணாம்னுதான் இதை எழுதறேன்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். சிவப்பா கண்ணாடி மாதிரி பளபளன்னு, கடிச்சா படக்குன்னு உடையுதே, அது கேண்டி ஆப்பிள், இங்கிலாந்துல அதையே டாஃபி ஆப்பிள்னு சொல்லி நவம்பர் 5 பான்ஃபயர் நைட்டுக்குத் திங்கறாங்க. அது வெறும் சர்க்கரைப் பாகு, 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும் காய்ச்சறது. நாம பண்ணப் போறது பழுப்பா, மெத்துன்னு, பல்லுல லேசா ஒட்டற கேரமல், இதுல பாலும் வெண்ணெயும் உண்டு. 1950-கள்ல கிராஃப்ட் கம்பெனில வேலை பார்த்த டான் வாக்கர்ங்கிறவர் ஹாலோவீனுக்கு, அதான் அக்டோபர் 31-ல பசங்க வேஷம் போட்டு வீடு வீடா மிட்டாய் வாங்கற நாளுக்கு, வித்து மிஞ்சின கேரமல் மிட்டாயை உருக்கி ஆப்பிளை முக்கிப் பார்த்தார், அப்படித்தான் இது வந்துச்சுன்னு பரவலா சொல்றாங்க. மிஞ்சினதுல புதுசா ஒண்ணு பண்றது நம்ம வீட்டுல மட்டும் இல்ல போல.

இப்போ விஷயத்துக்கு வருவோம். இதுல கஷ்டமான இடம் ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு பாகு பதம், இன்னொண்ணு ஆப்பிள் தோல். மத்ததெல்லாம் சும்மா அலங்காரம்.

பதத்தை எனக்குப் புரிய வச்சது இங்க இருக்கிற எந்த சமையல் புத்தகமும் இல்ல, எங்க அம்மாதான். ஆறு மாசம் இங்க வந்து இருந்தாங்க, தீபாவளி நெருங்கற சமயம், நான் அடுப்புல தெர்மாமீட்டரைச் சொருகி வச்சுட்டு 245 வரணும் 245 வரணும்னு முழிச்சுட்டு நிக்கறேன், அவங்க பக்கத்துல வந்து எட்டிப் பார்த்தாங்க, ஒரு டம்ளர்ல குழாய்த் தண்ணி பிடிச்சாங்க, கரண்டி நுனில ஒரு சொட்டு எடுத்து அதுல விட்டாங்க, ரெண்டு விரலை உள்ள விட்டு உருட்டினாங்க. "அதிரசத்துக்குன்னா இப்போ இறக்கிடலாம்டா, உனக்கு என்ன பதம் வேணும்?" தெர்மாமீட்டரைப் பார்த்தா 239. எனக்கு அப்படியே உறைச்சுது. இத்தனை வருஷம் நான் என்னமோ வெளிநாட்டு வித்தைன்னு நினைச்சுட்டு இருந்தது நம்ம வீட்டு பாகுதான்.

அதனால இப்படி மனசுல வச்சுக்கோங்க. தண்ணில விட்ட சொட்டு கரையாம சேர்ந்து வந்து, உருட்டினா உருண்டு, விரல்ல வச்சா தொளதொளன்னு சாஞ்சுடுதா, அது அதிரசப் பாகு, சில ஊர்ல தக்காளிப் பதம்னு சொல்லுவாங்க, 235-ல இருந்து 240 டிகிரி ஃபாரன்ஹீட். உருட்டித் தட்டுல போட்டா டங்குன்னு சத்தம் வருதா, அது கடலை உருண்டைப் பாகு, நமக்கு அது வேணாம், அந்தப் பதத்துல ஆப்பிளை முக்கினா பல்லு கழண்டுடும். நமக்கு நடுவுல வேணும். உருண்டை நின்னு வடிவம் மாறாம இருக்கணும், ஆனா அமுக்கினா அமுங்கணும், சத்தம் வரக்கூடாது. கணக்குல சொன்னா 245 டிகிரி ஃபாரன்ஹீட், செல்சியஸ்ல 118. இதுல இருந்து அஞ்சு டிகிரி கீழ போனா கேரமல் வழியும், அஞ்சு டிகிரி மேல போனா தாடை வலிக்கும். அவ்ளோ சின்ன இடம்தான், அதனாலதான் அடுப்பை விட்டு நகராதீங்கன்னு சொல்றேன்.

தெர்மாமீட்டர் வச்சிருக்கவங்க ஒரு வேலை பண்ணுங்க. பண்றதுக்கு முன்னாடி வெறும் தண்ணியைக் கொதிக்க வச்சு அதுல விட்டுப் பாருங்க, கடல் மட்டத்துக்குக் கிட்ட இருக்கிற ஊர்ல 212 காட்டணும். என்னோடது 206 காட்டிச்சு, அதாவது ஆறு டிகிரி கம்மியாவே சொல்லிட்டு இருந்திருக்கு, ஒரு வருஷம் ஏன் கேரமல் கல்லு மாதிரி ஆச்சுன்னு அப்போதான் புரிஞ்சுது. எவ்ளோ கம்மியா காட்டுதோ அதை 245-ல இருந்து கழிச்சுட்டுப் பார்த்தா போதும், புதுசு வாங்க வேணாம். டென்வர் மாதிரி உயரமான ஊர்ல இருக்கவங்களுக்கு தண்ணியே சுமார் 202-ல கொதிச்சுடும், அதனால அங்க 245-க்குப் பதிலா 235-ல இறக்கிடணும். இந்தக் கணக்கெல்லாம் தலை சுத்துதுன்னா டம்ளர் தண்ணிதான் பெஸ்ட், அதுக்கு பேட்டரியும் வேணாம்.

சரி, ஆப்பிள். புளிப்பா, கெட்டியா, சின்னதா இருக்கணும். கேரமலே அவ்ளோ இனிப்பு, அதுக்குள்ள இனிப்பு ஆப்பிள் வச்சா ரெண்டு வாய்க்கு மேல திங்க முடியாது. பச்சை கிரானி ஸ்மித்தான் எல்லாரும் எடுக்கறது, ஆஸ்திரேலியாவுல சிட்னி பக்கம் 1868 வாக்குல மரியா ஆன் ஸ்மித்ங்கிற பாட்டி தோட்டத்துல தானா முளைச்ச மரம், அதான் பேரே பாட்டி ஆப்பிள். ஹனிகிரிஸ்ப் ருசி நல்லா இருக்கும், ஆனா ஒவ்வொண்ணும் சின்ன தேங்காய் சைஸ்ல இருக்கும், கேரமலோட சேர்த்தா குச்சி தாங்காது. ஃபூஜி, காலா ரெண்டும் பசங்களுக்கு ஓகே. மெக்கின்டாஷ் கொஞ்சம் மெத்துன்னு இருக்கும், ரெட் டெலிஷியஸ் உள்ள மாவு மாதிரி இருக்கும், அது ரெண்டையும் விட்டுடுங்க. கைக்குள்ள அடங்கற சைஸா, அடிபடாம, ஓட்டை இல்லாம பத்துப் பன்னண்டு பொறுக்கி வச்சுக்கோங்க.

இப்போதான் முக்கியமான இடம், தோல். கடைல வாங்கற ஆப்பிள் பளபளன்னு இருக்கே, அது மெழுகு. பறிச்சதும் கழுவும்போது அதோட சொந்த மெழுகு போயிடுதுன்னு கார்னூபான்னு ஒரு பனை மெழுகோ ஷெல்லாக்கோ பூசுவாங்க, ஷெல்லாக்குன்னா வேற ஒண்ணும் இல்ல, நம்ம அரக்குதான். அது திங்கறதுக்குப் பிரச்சனை இல்ல, ஆனா கேரமல் அது மேல நிக்கவே நிக்காது. என் ஆப்பிள் டிரஸ் கழட்டினதுக்கு மொத காரணம் இதுதான். தோட்டத்துல பறிச்சதுலயும் இயற்கையா ஒரு மெழுகு உண்டு, சட்டைல தேய்ச்சா பளபளன்னு வருமே அதான், அதனால அதையும் விடாதீங்க.

பெரிய பாத்திரத்துல தண்ணி கொதிக்க வச்சு, அதுல ஒரு ஸ்பூன் வினிகர் விட்டு, ஒவ்வொரு ஆப்பிளையும் ஜல்லிக் கரண்டில வச்சு அஞ்சுல இருந்து பத்து செகண்ட் முக்கி எடுங்க, அதுக்கு மேல வேணாம், தோல் வெந்துடும். எடுத்த உடனே சூடு இருக்கும்போதே சொரசொரப்பான துண்டால அழுத்தித் துடைங்க. அப்போ கை விரல்ல வழுவழுப்பு போய் ஒரு மாதிரி கீச்சுன்னு சத்தம் வரும், சாப்பிட்டு முடிச்சு தட்டு கழுவினா வர்ற சத்தம், அது வந்துட்டா மெழுகு போச்சுன்னு அர்த்தம். அப்புறம் குறைஞ்சது ஒரு மணி நேரம் வெளியில காய விடுங்க. ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க. சில பேர் ஜில்லுனு இருந்தா கேரமல் சீக்கிரம் இறுகும்னு சொல்றாங்க, இறுகும்தான், ஆனா வெளியில எடுத்த அடுத்த நிமிஷம் ஆப்பிள் மேல வேர்த்துடும், அந்த ஈரத்துல கேரமல் வழுக்கும். நான் ரெண்டு விதமாவும் பண்ணிப் பார்த்துட்டேன், ரூம்லயே இருக்கட்டும்.

காம்பைத் திருகிப் பிடுங்கிட்டு அந்தக் குழி வழியாவே குச்சியைச் சொருகுங்க, ரெண்டு இஞ்ச் உள்ள போனா போதும், கீழ வெளிய வந்துடக் கூடாது. ஐஸ் குச்சி போதும், கிராஃப்ட் கடைல கட்டா கிடைக்கும், சாப்பாட்டுக்கு உகந்ததுன்னு போட்டிருக்கா பாருங்க. சூப்பு கடைல குடுக்கற சாப்ஸ்டிக்கை பாதியா ஒடிச்சும் நான் பண்ணிருக்கேன். குச்சி ஏறும்போது சாறு கசிஞ்சா துடைச்சுடுங்க. அதே மாதிரி தட்டும் இப்பவே ரெடி பண்ணிடணும், ஏன்னா கேரமல் ரெடியானப்புறம் உங்களுக்குத் தேட நேரம் இருக்காது. பெரிய டிரேல பட்டர் பேப்பர் விரிச்சு அது மேல வெண்ணெய் தடவுங்க. பட்டர் பேப்பர்தான், மெழுகு பேப்பர் இல்ல. ஒரு வருஷம் மெழுகு பேப்பர் விரிச்சேன், சூட்டுக்கு அது கேரமலோட ஒட்டிக்கிச்சு, பிரிக்கவே முடியல, வந்த விருந்தாளிங்க நாகரிகமா பேப்பரோட சேர்த்து மென்னு முழுங்கினாங்க, யாரும் ஒரு வார்த்தை சொல்லல பாவம்.

இனி அடுப்பு. பத்துல இருந்து பன்னண்டு சின்ன ஆப்பிளுக்கு அளவு இது: வெண்ணெய் 1 கப், இங்க ரெண்டு ஸ்டிக், 226 கிராம். பிரவுன் சுகர் 2 கப் அழுத்தி. லைட் கார்ன் சிரப் 1 கப். 14 அவுன்ஸ் கண்டென்ஸ்டு மில்க் ஒரு டின், நம்மூர்ல மில்க்மெய்டுன்னு பேரே வச்சுட்டோமே அது. உப்பு அரை டீஸ்பூன், வெனிலா ஒரு டீஸ்பூன். க்ரீம் ஊத்தியும் பண்ணலாம், ஆனா புதுசா பண்றவங்களுக்கு டின்தான் நல்லது, அளவு தப்பவே தப்பாது.

கார்ன் சிரப்னதும் சில பேர் முகம் சுளிப்பாங்க. கடைல பாட்டில்ல வர்ற இந்த லைட் கார்ன் சிரப்பும், கூல்டிரிங்க்ஸ்ல போடற ஹை ஃப்ரக்டோஸ் சிரப்பும் ஒண்ணு இல்ல, இது பெரும்பாலும் குளுக்கோஸ். லைட்டுன்னா கலோரி கம்மின்னு நினைச்சுடாதீங்க, நிறம் வெளுப்புன்னு மட்டும்தான் அர்த்தம். இதை எதுக்குப் போடறோம்னா சர்க்கரை திரும்பப் பூத்துப் போகாம இருக்க, மைசூர்பாகு பண்றப்போ சில நேரம் பாகு மணல் மணலா ஆயிடுமே அது மாதிரி ஆகாம பிடிச்சு வைக்கும். நம்ம வீட்டுல பாகுல எலுமிச்சம்பழம் ரெண்டு சொட்டு விடறதும் அதே காரணத்துக்குத்தான். சிரப் கிடைக்காதவங்க பேக்கிங் சாமான் கடைல லிக்விட் குளுக்கோஸ்னு கேளுங்க, அது போதும்.

அடி கனமான, நாலு லிட்டராவது பிடிக்கற பாத்திரமா எடுங்க, கொதிச்சு மேல எழும்பும். வெண்ணெயை உருக்கி, சர்க்கரை, சிரப், உப்பு போட்டு சர்க்கரை கரையற வரைக்கும் மெதுவா கலக்கி, அப்புறம் கண்டென்ஸ்டு மில்க் ஊத்துங்க. பக்கத்துல ஒட்டியிருக்கிற சர்க்கரையை ஈரப் பிரஷ்ஷால வழிச்சு உள்ள தள்ளிடுங்க. மிதமான தீயை விடக் கொஞ்சம் கம்மியா வச்சுக்கோங்க. இதுக்கு மேல திரட்டுப்பால் கிண்டற மாதிரிதான், கை நிக்கக் கூடாது, அடில மூலையெல்லாம் தொட்டுத் தொட்டு வரணும், பால் இருக்கறதால ஒரு நிமிஷம் விட்டா அடிப்பிடிச்சுடும். அடிப்பிடிச்சா கருப்பு கருப்பா துகள் மேல வரும், அப்போ சுரண்டாதீங்க, அப்படியே வேற பாத்திரத்துக்கு மாத்திட்டு அங்க தொடருங்க, சுரண்டினா மொத்தமும் கசந்துடும்.

பழக்கம் இல்லாதவங்க ஏமாறற இடம் ஒண்ணு இருக்கு. 220, 225 வரைக்கும் சுறுசுறுன்னு ஏறும், அப்புறம் அங்கயே நிக்கும், பத்து நிமிஷம் ஆனாலும் முள்ளு நகராது, நமக்கு பொறுமை போய் தீயைக் கூட்டிடுவோம். கூட்டாதீங்க. உள்ள இருக்கிற தண்ணி ஆவியாப் போயிட்டு இருக்கு, அது போற வரைக்கும் சூடு ஏறாது, போயிடுச்சுன்னா 235-க்கு மேல திடீர்னு விறுவிறுன்னு ஏறும், நீங்க தீயைக் கூட்டி வச்சிருந்தா 245 வந்ததும் தெரியாது 255 போனதும் தெரியாது. என் அடுப்புல மொத்தம் அரை மணி நேரம் ஆகுது. குமிழி சின்னதா நுரையா இருந்தது பெருசா சோம்பேறித்தனமா பொட்டு பொட்டுன்னு வெடிக்கும், நிறம் டீ நிறத்துல இருந்து டிகாக்ஷன் கலந்த காபி நிறத்துக்கு வரும், அப்போ டம்ளர் தண்ணியைப் பக்கத்துல வச்சுக்கோங்க.

நடுவுல வெண்ணெய் பிரிஞ்சு எண்ணெயா மேல மிதந்துச்சுன்னா பதறாதீங்க, தீயை நல்லா குறைச்சு, ரெண்டு மூணு ஸ்பூன் வெந்நீர் விட்டு அடிச்சுக் கலக்குங்க, சேர்ந்துடும். அதுக்கப்புறம் திரும்பவும் பதத்துக்குக் கொண்டு வரணும், அவ்ளோதான்.

சூட்டுக் காயம் பத்தி ஒரு வார்த்தை. கொதிக்கற தண்ணி பட்டா வழிஞ்சு ஓடிடும், பாகு பட்டா ஒட்டிட்டு அங்கயே வேகும். பசங்க அடுப்புக்குக் கிட்ட வரவே கூடாது, அவங்க வேலை கடலை தூவறது மட்டும்தான். துப்பட்டா, தொங்கற கை நைட்டி வேணாம். முக்கியமா யாரும் ருசி பார்க்கறேன்னு விரலை விடாதீங்க, என் மச்சான் விட்டான், அந்த வருஷம் அவன் இடது கையால சாப்பிட்டான். பட்டுட்டா ஐஸ் வைக்காதீங்க, குழாய்த் தண்ணில இருபது நிமிஷம் காட்டுங்க, கொப்புளம் பெருசா இருந்தா டாக்டர்கிட்ட போயிடுங்க.

பதம் வந்ததும் இறக்கி வெனிலா விட்டு, குமிழி அடங்கற வரைக்கும் விடுங்க. உடனே முக்கக் கூடாது, இதுவும் நான் பண்ண தப்பு. ரொம்ப சூடா இருந்தா தண்ணி மாதிரி மெல்லிசா ஓடிடும், கோட்டிங்கே நிக்காது. 200 டிகிரிக்கு இறங்கட்டும், பத்து நிமிஷம் சொச்சம் ஆகும், கரண்டியைத் தூக்கினா ரிப்பன் மாதிரி கெட்டியா விழணும், இட்லி மாவு விழற மாதிரின்னு வச்சுக்கோங்க. பாத்திரத்தைச் சாய்ச்சு வச்சு கேரமலை ஒரு பக்கமா சேர்த்துட்டு, குச்சியைப் பிடிச்சு ஆப்பிளை உள்ள உருட்டுங்க, குச்சிக்குப் பக்கத்துல ஒரு விரல் அகலம் தோல் தெரியற மாதிரி விட்டுடலாம், பார்க்கவும் அழகு. மேல தூக்கி, சொட்டட்டும், பத்து செகண்ட், அப்புறம் தலைகீழாத் திருப்பிப் பிடிச்சு இன்னும் பத்து செகண்ட், அதனால கேரமல் திரும்ப மேல் பக்கம் வந்து சமமாயிடும். அடியில தொங்கறதைப் பாத்திர விளிம்புல லேசா வழிச்சு விடுங்க, இல்லன்னா தட்டுல வச்சதும் பாவாடை மாதிரி விரிஞ்சுடும். அப்படியும் கொஞ்சம் விரியும், பரவால்ல, அந்தப் பாவாடைதான் பசங்க மொதல்ல பிச்சுத் திங்கறது. நாலஞ்சு ஆப்பிள் ஆனதும் கேரமல் கெட்டியாயிடும், சின்னத் தீயில ரெண்டு நிமிஷம் காட்டினா இளகிடும்.

மேல தூவறதுக்கு வறுத்து ஒண்ணும் பாதியுமா இடிச்ச வேர்க்கடலைதான் அமெரிக்காவுல பழைய வழக்கம், எனக்கும் அதுதான் பிடிக்கும், கேரமலும் கடலையும் சேர்ந்தா கண்ணை மூடிட்டுத் தின்னா கோவில்பட்டிக்குப் பக்கத்துல எங்கயோ இருக்கோம்னு தோணும். பீக்கன், உப்பு பிரெட்ஸல் உடைச்சது, எம் அண்ட் எம்ஸ், எது வேணா போடலாம். முக்கின உடனே, ஒட்டற பதம் இருக்கும்போதே உருட்டிடணும், ரெண்டு நிமிஷம் விட்டா அப்புறம் ஒட்டாது. பள்ளிக்கூடத்துக்கோ வேற வீட்டுக்கோ கொண்டு போறதா இருந்தா கடலை அலர்ஜி இருக்கான்னு கேட்டுட்டுப் போடுங்க.

இன்னொண்ணு, ஹாலோவீன் அன்னிக்கு வாசலுக்கு வர்ற பசங்களுக்கு இதைக் குடுக்கலாம்னு ஆசைப்படாதீங்க. நான் ஒரு வருஷம் இருபது பண்ணி ரிப்பன் கட்டி வச்சிருந்தேன், பக்கத்து வீட்டு அம்மா வந்து ரொம்பத் தயங்கித் தயங்கி சொன்னாங்க, தெரியாதவங்க வீட்டுல கையால பண்ணதை இங்க யாரும் பசங்களைத் திங்க விட மாட்டாங்க, 1960-கள் கடைசில ஆப்பிளுக்குள்ள பிளேடு வச்சுட்டாங்கன்னு ஒரு பயம் நாடு முழுக்கக் கிளம்பிச்சு, அப்போல இருந்து கம்பெனி கவர் போட்ட மிட்டாய் மட்டும்தான்னு. இருபதையும் ஆபீஸ் ஃபிரெண்ட்ஸ் வீட்டுக்கு வண்டி ஓட்டிக் குடுத்துட்டு வந்தேன்.

வச்சுக்கறது பத்தி கொஞ்சம் சீரியஸா சொல்றேன், இதைப் பல பேர் கண்டுக்கறதில்ல. 2014 கடைசில அமெரிக்காவுல கேரமல் ஆப்பிள் தின்னு லிஸ்டீரியா கிருமி பரவி 12 மாநிலத்துல 35 பேர் பாதிக்கப்பட்டாங்க, 34 பேர் ஆஸ்பத்திரில சேர்ந்தாங்க, சாவும் நடந்துச்சு. ஆப்பிள் புளிப்பு, கேரமல்ல தண்ணி கம்மி, ரெண்டுலயும் கிருமி வளரக் கூடாதேன்னு எல்லாருக்கும் ஆச்சரியம். அப்புறம் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி பண்ணிப் பார்த்தாங்க, குச்சி குத்தின ஓட்டை வழியா சாறு மேல ஏறி தோலுக்கும் கேரமலுக்கும் நடுவுல ஈரமா ஒரு இடம் உண்டாகுது, அங்க உக்காந்துட்டு வளருதுன்னு. குச்சி குத்தி வெளியில வச்சதுலதான் மூணே நாள்ல ஆயிரம் மடங்கு வளர்ந்துச்சு. அதனால நல்லா கழுவுங்க, அன்னிக்கே தின்னுடுங்க, மிஞ்சினதை ஃபிரிட்ஜ்ல வச்சு ரெண்டு மூணு நாளுக்குள்ள முடிங்க, கவுண்டர்ல அழகுக்கு அடுக்கி வைக்காதீங்க. கர்ப்பமா இருக்கவங்க, வயசானவங்க வீட்டுல இருந்தா பண்ண அன்னிக்கே குடுக்கறதோட நிறுத்திக்கோங்க. ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்தா இருபது நிமிஷம் வெளிய வச்சுட்டுத் தின்னா கேரமல் இளகி இருக்கும். பெரியவங்களுக்கு முழுசா குடுத்துக் கடிக்கச் சொல்லாதீங்க, பல் செட் போச்சுன்னா வம்பு, கத்தில வெண்ணெய் தடவி துண்டு போட்டுக் குடுங்க.

இவ்ளோ வேலை ஆகாதுப்பான்னு சொல்றவங்களுக்கு சுருக்கு வழி ஒண்ணு இருக்கு. சாஃப்ட் கேரமல் மிட்டாய் 11 அவுன்ஸ் பாக்கெட் வாங்கி, காகிதம் பிரிச்சு, இது ஒண்ணுதான் இதுல வேலை, பசங்களை விட்டா பிரிச்சதுல பாதி வாய்க்குப் போயிடும், கிண்ணத்துல போட்டு ரெண்டு டேபிள்ஸ்பூன் பால் விட்டு மைக்ரோவேவ்ல அரை அரை நிமிஷமா வச்சு வச்சுக் கலக்குங்க, நாலஞ்சு சின்ன ஆப்பிளுக்கு வரும். ருசி ஒரு மாத்து கம்மிதான். ஆப்பிளைக் கழுவித் துடைக்கற வேலை மட்டும் இதுலயும் அப்படியேதான், அதுல சுருக்கு வழி கிடையாது.

சென்னைல இருந்து என் தங்கச்சி கேட்டா, அங்க பண்ணலாமான்னு. தாராளமா பண்ணலாம், ஆனா காத்துல இருக்கிற ஈரத்தை கேரமல் இழுத்துக்கும், மழை நாள்ல பண்ணா ரெண்டு மணி நேரத்துல பிசுபிசுன்னு வழிய ஆரம்பிச்சுடும். ஏசி ரூம்ல வச்சு ரெண்டு டிகிரி கூடக் காய்ச்சச் சொன்னேன், வந்துடுச்சுன்னு போட்டோ அனுப்பினா. சிம்லா ஆப்பிள் போட்டிருக்கா, கொஞ்சம் இனிப்பு ஜாஸ்தியாம்.

கடைசில பாத்திரம். கேரமல் இறுகின பாத்திரத்தைத் தேய்க்க உக்காந்தீங்கன்னா ராத்திரி ஆயிடும், அது நிறைய தண்ணி ஊத்தி அடுப்புல வச்சு கொதிக்க விடுங்க, கரண்டியையும் அதுலயே போட்டுடுங்க, தானா கரைஞ்சு போயிடும். அதுக்கு முன்னாடி அடில கொஞ்சம் கேரமல் மிஞ்சி இருக்கும் பாருங்க, அதைத் தூக்கிப் போடாம வெண்ணெய் தடவின தட்டுல ஊத்திடுங்க. அம்மா அந்த வருஷம் அப்படித்தான் ஊத்தி, காலைல பர்ஃபி மாதிரி கட்டம் போட்டு, பட்டர் பேப்பர்ல ஒவ்வொண்ணா சுருட்டி ரெண்டு பக்கமும் முறுக்கி, பழைய பூஸ்ட் டப்பால போட்டு மூடி வச்சாங்க, ஊருக்குப் போறப்போ அந்த டப்பா மட்டும் சூட்கேஸ்ல போகல, கைப்பைல போச்சு.